அரசமரத்தடியில் முதல் பரிசு

3, திங்கள்

காலையிலிருந்து புகைமூட்டம். தொண்டை அரிப்பு. லிஃப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை. படியேறும்போது சுவரில் புது நோட்டீஸ்: "விழிப்புள்ள குடியிருப்பாளர் போட்டி." குப்பை கொட்டுபவர், கண்ட இடத்தில் வண்டி நிறுத்துபவர், எச்சில் துப்புபவர், யாராக இருந்தாலும் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டுமாம். முதல் பரிசு ஏர் ஃபிரையர். அடுத்தது ரைஸ் குக்கர். மூன்றாவது குடை. ஞாயிறு பரிசளிப்பு.

கீழே தலைவர் சிவநேசன் கையெழுத்து. இனி இந்தக் குறிப்புகளில் அவன் வெறும் சி. முழுப் பெயரும் எழுதுமளவுக்கு அவனுக்கு மரியாதை இல்லை.

நான் செயலாளராக இருந்த வருடங்களில் யாருக்கும் எதுவும் தந்ததில்லை. கோத்தோங் ரோயோங், கூட்டுத் துப்புரவு என்றால் வந்தார்கள், வடிகாலில் இறங்கினார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு ஆண்டுக் கூட்டம். சி. எல்லாருக்கும் மீன் தலைக் கறி வாங்கிப் போட்டான். சாப்பிட்ட கையையே தூக்கி அவனுக்கு ஓட்டுப் போட்டார்கள். நான் வெளியே.

5, புதன்

குழுவில் படங்கள் குவிகின்றன.
– நடைபாதையில் யாருடையதோ மோட்டார்.
– படிக்கட்டில் ஒரு பூனை. (அது எந்த விதியை மீறியது?)
– என் கார். ஒரு டயர் கோட்டுக்கு வெளியே. அனுப்பியது யார் என்று பார்த்துக்கொண்டேன்.

கீழே டீக்கடையில் கேட்டது:
"துப்புலா, போட்டோ எடுத்துக்கறேன்."
"பரிசுல பாதி தரேன்னா துப்புறேன்."
"ஏர் ஃபிரையர்ல பாதி எப்படிலா தர்றது?"
"கூடையை எனக்குக் குடு. மிச்சம் உனக்கு."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் சாலையில் குழி விழுந்தால் யாராவது ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் நட்டுவிட்டுப் போவார்கள். இனி கைபேசியோடு ஓரமாக நிற்பார்கள், எவனாவது விழட்டும் என்று.

7, வெள்ளி

எதிர்பார்த்தது நடந்துவிட்டது.

தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கும் சரோஜா அக்கா, இடியப்பம் விற்பவர். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் அரசமரத்தடியில் குனிந்து எதையோ வைக்கிறார். மூன்றாம் மாடி பத்மா டீச்சர் எடுத்த படம். தலைப்பு: "பட்டப்பகலில் குப்பை!"

குப்பை இல்லை. கரையான் அரித்த சாமி படங்கள். இந்த புளோக்கில் எந்தத் தமிழ் வீட்டிலும் சாமி படத்தைக் குப்பைத் தொட்டியில் போடமாட்டார்கள். பழையதானால் மரத்தடி. எப்போதாவது கோயில்காரர்கள் லோரி கொண்டுவந்து ஏற்றிப்போவார்கள். பத்மா டீச்சருக்குத் தெரியாதா? ஏர் ஃபிரையர் கண்ணை மறைத்துவிட்டது.

சி. கட்டைவிரலை உயர்த்தி ஒரு குறி போட்டதோடு விடவில்லை. படத்தை அக்கா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கே அனுப்பிவிட்டான். அடுப்புப் புகைக்காக அவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார், இன்னொரு புகார் வந்தால் வெளியே என்று.

மாலை படிக்கட்டில் அக்கா. எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. அந்த ஆண்டுக் கூட்டத்தில் சி.க்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வீட்டுக்காரர் போன் பண்ணிட்டாரு. மாசக் கடைசியில காலி பண்ணணுமாம். இந்த அடுப்பைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"
"கை தூக்கினீங்கள்ல, அவன்கிட்டயே போய்க் கேளுங்க."
"போனேன் தம்பி. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கான்னுட்டாரு."

ரூல்ஸ்! அந்த விதிகளை உட்கார்ந்து எழுதியவன் நான். அவன் அதைப் படித்ததுகூடக் கிடையாது.

அக்கா மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை.

8, சனி

புகை குறைந்து தூறல். மரத்தடிக்குப் போனேன். அங்கே கிடப்பதையெல்லாம் படம் எடுத்து, பாதி புளோக்கின் சாமிகள் இங்கேதான் என்று காட்டுவது திட்டம்.

இருந்தவை: மூக்குடைந்த பிள்ளையார். மங்கிப்போன முருகன், இரண்டு மூன்று. அக்காவின் சட்டங்கள், தொட்டாலே உதிர்கின்றன. பின்னால், வேரில் சாய்த்து, பெரிய லட்சுமி படம். தங்க நிறச் சட்டம். கரையான் இல்லை, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் சிவப்பு எழுத்து:

"புதுமனை புகுவிழா. சிவநேசன் – குமுதா தம்பதியருக்கு. அன்புடன் தனபாலன் – மலர்விழி."

என் பெயர். என் மனைவி மலரின் பெயர்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கியது. கடைக்காரர் கண்ணாடியில் எழுதி முடிக்கும்வரை மலர் பக்கத்திலேயே நின்றாள், எழுத்து கோணிவிடுமென்று. அன்று பால் பொங்கியதும் சி. முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினான். "டேய் தனா, மொதல்ல நீ குடிடா." இப்போது நான் மிஸ்டர் தனபாலன். மலரும் இப்போது என்னோடு இல்லை, பந்திங்கில் தன் தங்கை வீட்டில். அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

பழசாகி வைத்ததில்லை இது. வேண்டாமென்று வைத்தது.

படமெடுத்துக் குழுவில் போட விரல் துடித்தது. போட்டால் நானும் போட்டியாளன். ஒருவேளை குடை கிடைக்கும். சீ.

நாளிதழில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

9, ஞாயிறு

மண்டபத்தில் பலூன், தட்டு நிறையக் கறிபாப், கரகரக்கும் மைக். மேசை நடுவில் ரிப்பன் கட்டிய ஏர் ஃபிரையர். சி. பாத்தேக் சட்டையில்.

"விழிப்பா இருக்கிற ஒவ்வொருத்தரும் இந்த புளோக்கோட கண்ணு!"

முதல் பரிசு பத்மா டீச்சருக்கு. கைதட்டல். சரோஜா அக்கா கடைசி வரிசையில், தலை குனிந்து.

எழுந்து போனேன். ஏர் ஃபிரையருக்குப் பக்கத்தில் லட்சுமியை வைத்து, நாளிதழைப் பிரித்தேன். பத்மா டீச்சருக்கு எழுத்தைக் கண்டால் சத்தமாகப் படித்தே பழக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்: "புதுமனை புகுவிழா. சிவநேசன், குமுதா..." அங்கேயே நின்றுவிட்டார்.

"எங்கேருந்து கிடைச்சுது இது?" பின்னாலிருந்து ஒருவர்.
"மரத்தடியில," என்றேன் நான்.
"அடடா! அப்போ தலைவருக்குத்தான்லா முதல் பரிசு!"

மண்டபமே சிரிப்பில் வெடித்தது. சி. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "தனா, இது என்னடா..." என்றான்.

"மிஸ்டர் தனபாலன்," என்று திருத்தினேன். "இது குப்பைன்னா உங்க படத்தையும் குழுவுல போடுங்க. இல்லேன்னா அக்கா வச்சதும் குப்பை இல்ல. வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல."

பண்ணினான். வேறு வழி இல்லை. சாமி விஷயம் பாஸ், நாங்கதான் தப்பா அனுப்பிட்டோம் என்று அவன் வாயாலேயே சொன்னான். மறுமுனையில், "ஓகேலா, ஓகேலா, அந்த அக்கா இருக்கட்டும்."

பத்மா டீச்சர் ஏர் ஃபிரையரை விடாமல் தூக்கிப்போனார்.

வாசலில் குமுதா என் பக்கத்தில் வந்து நின்றாள். "மரத்தடியில வைக்க வேணாம்னு சொன்னேண்ணே. அந்த ஆண்டுக் கூட்டம் முடிஞ்ச மறுநாளே சுவத்துலேருந்து இறக்கிட்டாரு. தினமும் உங்க பேரைப் பாக்க முடியலையாம்."

நானும் இத்தனை நாள் அவன் பெயரை எழுத மறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது வேறு.

10, திங்கள்

மழை. லிஃப்ட் அப்படியே.

கதவுக் கம்பியில் இடியப்பப் பொட்டலம் தொங்கியது. சொல் இல்லை, ஆள் இல்லை. தேங்காய்ப்பூ குறைவு.

புது நோட்டீஸ்: "மரத்தடியில் எதுவும் வைக்கக் கூடாது. கேமரா பொருத்தப்படும்." எதிர்பார்த்ததுதான். எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

லட்சுமி என் வீட்டு நாற்காலியில். மாட்டினால் தினமும் அவன் பெயர். குப்பையில் போட முடியாது. மரத்தடியும் இப்போது இல்லை.

மலருக்குப் படம் அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை. சாயந்திரம் பதில் வந்தது:

"அந்தக் கடை இன்னும் இருக்கு. குடுத்தா பேரை அழிச்சுத் தருவாரு. யார் யார் பேரை அழிக்கச் சொல்றது?"