அம்மன் காது

15 நவம்பர் 2024, வெள்ளி
கல்யாண ஆல்பம் பாக்கி கிடக்கிறது. ஸ்டுடியோவில் உட்காரப் பிடிக்கவில்லை. எதிரே அம்மன் பீடத்து வேம்பில், தரையை ஒட்டி இரண்டு காளான்கள் தட்டு தட்டாகப் புடைத்திருக்கின்றன. சாத்தான்குளத்தில் எல்லாரும் அதை அம்மன் காது என்கிறார்கள். பதினேழு படம் எடுத்தேன். நல்ல மஞ்சள் நிறம். மரக்காளான் என்றால் எனக்குக் கிறுக்கு. கல்யாணப் பெண்ணைவிடப் பொறுமையாக நிற்கும்.

அந்த மரத்தடியில்தான் இசக்கிச்செல்வி அக்காவின் பூக்கடை. "ஏலே, இது மரத்துக்கு நல்லதா கெட்டதா?" என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

17 நவம்பர்
படங்களை வாட்ஸ்அப் காளான் குழுவில் போட்டேன். தூத்துக்குடியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஜீவமணி டீச்சர் பதில் போட்டிருந்தார். மஞ்சள் என்றால் காய்ந்த பட்டையில் வளரும் வகையாக இருக்கலாம், பயமில்லை. ஆனாலும் காளானின் அடிப்பக்கம் படம் வேண்டுமாம்.

அடிப்பக்கம் நான் எடுக்கவே இல்லை. அதற்குள் அக்காவிடம் போய், மரம் கல்லு மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஏன் இந்த அவசரம்?

12 டிசம்பர்
மழை. விடவே இல்லை.

14 டிசம்பர், சனி
காளான் நிறம் மாறிவிட்டது. அரக்குப் பூசியதுபோல் பழுப்பு, ஓரம் வெள்ளை. அதே காளான்தானா? முற்றினால் இப்படி ஆகுமா? பழைய படம், புதுப் படம், மறுபடி பழையது - தலை சுற்றுகிறது.

அக்காவிடம் கேட்டால் சிரிக்கிறாள். "வெள்ளிக்கெழமதோறும் அம்மன் காதுக்கு மஞ்ச பூசுதது நாந்தான? நேத்து மழையில பூச முடியல."

நான் படம் எடுத்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா பூசிய மஞ்சளைக் காளானின் நிறம் என்று ஊருக்கே அனுப்பியிருக்கிறேன். மடையன்.

15 டிசம்பர்
அடிப்பக்கமும் சேர்த்து அனுப்பினேன். டீச்சரே போன் செய்தார். "கானோடெர்மாங்கிற காளான் மாதிரி தெரியுது. வேரை அழுக வச்சிரும். படத்தை மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. கடையை முதல்ல மாத்தச் சொல்லுங்க."

மாதிரி என்றால்? விழுமா, விழாதா?

16 டிசம்பர்
அக்கா: "நல்ல மரம்னு சொன்னதும் நீ, விழும்னு சொல்லுததும் நீ. நான் எத நம்ப?"

எனக்கே தெரியலையே.

பீடத்துத் தர்மகர்த்தா மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் மரத்தை வெட்டச் சொல்லிப் பார்த்தேன். "காது மொளச்ச மரத்துல எவன் அருவா வைப்பான்?" என்றார்.

21 டிசம்பர்
இன்று அக்கா முன்னால் அழுதேவிட்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோ வாசலுக்கு வந்துவிட்டாள். மார்கழியில், மரத்தடியை விட்டு.

9 ஜனவரி 2025
அக்காவுக்கு வியாபாரம் பாதிகூட இல்லை. காலையில் கடை விரித்ததும் அக்கா வேம்பை எட்டிப் பார்த்து, "இன்னும் நிக்குல்லா" என்கிறாள். குத்திக் காட்டுகிறாளா, சும்மா கேட்கிறாளா?

23 ஜனவரி
காலையிலிருந்து பேய்க்காற்று. வேம்பு அப்படி ஆடுகிறது. ஸ்டுடியோவுக்குள் நின்று பார்த்துக்கொண்டே, விழுந்து தொலையேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. அக்கா இருந்த இடத்தில், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் முத்துச்செல்வி சாக்கு விரித்துப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்றுதான் புதிதாகக் கடை போட்டிருக்கிறாள்.

ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்க அக்காவுக்கு எடம் திரும்ப வேணும்னா நேரா கேளுங்க அண்ணாச்சி."

போனில் நாற்பது படம் இருந்தது. எதைக் காட்டினால் நம்புவாள் என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.