வைத்தியராக நடித்த நாள்

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் காலையிலிருந்து போனில் திட்டித் தீர்த்தார்கள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்றால் திட்டு வாங்கத்தானே சம்பளம். பஸ்ஸில் நாவலைத் திறந்தேன். இறங்கும்வரை அதே பக்கம். வாசிப்பின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புத்தகத்துக்கு நான் தேவையே இல்லை. நான் தூங்கிவிட்டாலும் கதாநாயகன் சாகவேண்டிய இடத்தில் செத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்ப்போமே, அந்த ரோல் பிளே அப்படி இல்லை. "இப்ப என்ன செய்யப் போறே?" என்று எதிரே இருப்பவரைக் கேட்டே ஆகவேண்டும். ஆபீசில் அந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்பதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று விளையாட்டு நன்றாகப் போனது. கதை சொல்வது வழக்கம்போல நான். அக்கா மகள் திருடி. கீழ்வீட்டுத் தையல்காரர் போர்வீரர். வாள் வாங்கப் போன இடத்தில் பேரம் பேசியே பாதி மத்தியானத்தைத் தின்றுவிட்டார். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரரும் விளையாட வருவார், அவருக்கு எப்போதும் வைத்தியர் வேஷம்தான். ஆபீசிலும் நான் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பகடை காலை வாரினால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். "சரி, அப்ப அடிபட்டவன யார் பாக்கறது?" என்பார். தன் உயிரே போகிற நேரத்திலும் இதே கவலை.

அக்கா கதவருகே நின்று, "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் வேஷம் கட்டிக்கிட்டு" என்றாள். வைத்தியர் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. இந்த ஒரு மத்தியானத்தை நம்பித்தான் மீதி வாரத்தைத் தள்ளுகிறேன்.

மார்ச் 12, புதன்

ஹெச்.ஆர். அம்மா கூப்பிட்டார். "நீங்க ரோல் பிளே எல்லாம் பண்ணுவீங்களாமே? மேனேஜருங்களுக்கு ஒரு பயிற்சி வச்சிருக்கோம். வேலைய விட்டு அனுப்பறோம்னு சொன்னா கேக்கறவர் எப்படி நடந்துப்பாரு, அத நீங்க நடிச்சுக் காட்டணும்."

யாரையாவது அனுப்பப் போறீங்களா என்று கேட்டேன். "சேச்சே, சும்மா பயிற்சிதான்."

சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றை இந்த ஆபீசில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மார்ச் 13, வியாழன்

எங்கள் மேனேஜர் எதிரே உட்கார்ந்தார். முதலில் ஒப்புக்கு அழுது பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை. தெரிந்த ஆள் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டால்தான் வேஷத்துக்கு உயிர் வரும், கதை சொல்கிற எவனுக்கும் இது தெரியும். வைத்தியரை வைத்துக்கொண்டேன்.

கண்ணாடியைத் துடைத்தேன். "சரி, அப்ப என் ஃபைலெல்லாம் யார் பாக்கறது?" என்றேன். மேனேஜர் ஆடிப்போனார். "அப்பா படுத்த படுக்கையா இருக்காரு சார், கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான் மருந்து ஓடுது" என்றேன். அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பதில் தேடினார்.

பிறகு நானே சொல்லிக்கொடுத்தேன். சுற்றி வளைக்காதீங்க, முதல்லயே சொல்லிடுங்க. ஃபைலப் பத்திக் கேட்டா அத நாங்க பாத்துக்கறோம்னு மெதுவா சொல்லுங்க. மருந்துன்னு ஆரம்பிச்சா இன்ஷூரன்ஸ் மூணு மாசம் ஓடும்னு உடனே சொல்லுங்க. கண்ணாடியக் கழட்டினா தண்ணிய அவர் பக்கம் நகர்த்திட்டு பேசாம இருங்க. திரும்பத் திரும்பச் செய்தோம். கடைசியில் மேனேஜர் பிசிறில்லாமல் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அக்கா மகளிடம் ஒன்று விடாமல் பெருமையடித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

வைத்தியரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது — சும்மா பயிற்சிதானே.

மார்ச் 28, வெள்ளி

வைத்தியரை அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். பகடையைத் தொடவில்லை. எப்படிச் சொன்னாங்க என்று தையல்காரர்தான் கேட்டார்.

"நல்லாத்தான்யா சொன்னான். அதுதான் உறுத்துது. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பதில் வச்சிருக்கான். ஃபைலப் பத்திக் கேட்டேன், நாங்க பாத்துக்கறோம்ங்கறான். அப்பா மருந்துன்னு ஆரம்பிக்கறேன், மூணு மாசம்ங்கறான். கண்ணாடியக் கழட்டினேன், தண்ணிய நகத்தறான். நாலு வார்த்த திட்டிட்டு வரலாம்னு பாத்தா அதுக்குக்கூட எடம் குடுக்கல. அவ்வளவு மரியாத!"

நான் பகடைகளை டப்பாவில் போட்டு மூடினேன். அக்கா மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

அந்தப் பயிற்சி வைத்தியருக்காகத்தானா என்று தாங்கமுடியாமல் ஹெச்.ஆர். அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் பாராட்டுகிற மாதிரி சொன்னார்: "மொதல்ல உங்க மேனேஜர், 'அவர மட்டும் என்னால அனுப்ப முடியாது, மூஞ்சியப் பாத்துச் சொல்ல வராது'ன்னு அடம்புடிச்சாரு. அவருக்குப் பதிலா அனுப்ப வேற ஆளத் தேடிட்டு இருந்தோம். பயிற்சிக்கப்புறம்தான் அவருக்கு தைரியமே வந்துச்சு."

அட பாவி. யாரைச் சொல்கிறேன்? என்னைத்தான். வேற ஆளத் தேடிட்டு இருந்தாங்களாம். நான் மட்டும் சும்மா அழுதிருந்தா போதுமே, யார் என்னை அவ்வளவு நல்லா நடிக்கச் சொன்னது?

ஏப்ரல் 3, வியாழன்

"மாமா, நீங்க அவர்கிட்ட சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா மகள். நானே சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லவில்லை. பஸ்ஸில் நாவல் மளமளவென்று ஓடுகிறது. புத்தகத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் நான் காரணமில்லை. பக்கத்து மேஜையில் பிரிண்டரை வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வைத்தியர் தனியாக வந்தார். "புதன்கிழம ஒரு இன்டர்வியூ இருக்குய்யா. நீ மேனேஜருங்களுக்கே பிரமாதமா சொல்லிக்குடுப்பியாமே. மேனேஜரா எதிர்ல உக்காரு, நான் பழகிக்கறேன்." அக்கா மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், பழைய வேலைய ஏன் விட்டீங்க என்று கேட்டேன்.

"ஆள் கொறைச்சாங்க சார். எங்க மேனேஜருக்கு என்கிட்ட சொல்ல வாய் வரல. என்ன நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் அவருக்குச் சொல்லிக்குடுத்தாரு."

"யோவ், சத்தியமா எனக்குத் தெரியாது, நான் —"

"நீங்க மேனேஜர் சார். அடுத்த கேள்வி கேளுங்க."

கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் சார் போட்டுப் பதில் சொன்னார், நன்றாகவே சொன்னார். கிளம்பும்போதும் சார் என்றுதான் சொன்னார்.

மே 5, திங்கள்

வைத்தியருக்கு வேலை கிடைத்துவிட்டதாம். தையல்காரர் சொன்னார்.