மூன்று ‘சம்மதம்’, ஒரு ‘மாட்டேன்’

ஜனவரி 29, திங்கள்
சில்வண்டின் புதிய பதிப்பை வெளியிடும் பொறுப்பு இந்த முறை என் தலையில். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாக உண்டு. ஊர்க்காரர்களே நடத்தும் வானொலிகளில் பாட்டையும் நிகழ்ச்சியையும் தானாக ஓட்டும் மென்பொருள் இது. ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து நாங்களே எழுதுகிறோம். ஒரே வியாதி: கரண்டு போய் வந்தால் ஊமையாகிவிடும், யாராவது போய்த் தட்டி எழுப்பவேண்டும். இந்தப் பதிப்பில் அதற்குத்தான் மருந்து, தானாகவே எழுந்துகொள்ளும்.

இங்கே பொலிவியாவிலேயே, ஒருரோ நகரத்துக்குப் பக்கத்துச் சுரங்க ஊர் வானொலியிலிருந்து இலாரியாம்மா கூப்பிட்டார். “கார்னிவல் திருவிழா சனிக்கிழமை கரண்டு போகாம இருந்ததே இல்ல. நான் மைக்கோட தெருவுல நிப்பேன், ஸ்டேஷன்ல ஈ காக்கா இருக்காது. அதுக்குள்ள குடுத்துருவியா கண்ணு?”

“கண்டிப்பா” என்றேன். இந்த வாய் சும்மா இருக்கிறதா?

பிப்ரவரி 1
இனி புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டேன். எங்களோடு எழுதுகிற உள்ளூர்க்காரன் லிம்பர்ட் வந்து கெஞ்சினான். “ஒரே ஒரு பொத்தான் யோலா. அவ்ளோ அழகான பொத்தான்!”

“அழகையெல்லாம் அடுத்த பதிப்புல காட்டு.”

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன், சூடாகக் கறி அடைத்த சால்தேன்யா வாங்கிவந்து லஞ்சம் கொடுத்துப் பார்த்தான். தின்றேன். பொத்தான் கிடையாது.

பிப்ரவரி 3
சோதனைப் பதிப்பை இணையத்தில் ஏற்றி, இறக்கிக்கொள்ளும் சுட்டியை எல்லோருக்கும் அனுப்பினேன். மூன்று பேராவது போட்டுப் பார்த்து ‘சம்மதம்’ எழுதினால்தான் வெளியிடலாம். ஒரு ‘மாட்டேன்’ வந்தாலும் அதைத் தீர்க்காமல் நகரக்கூடாது.

பிப்ரவரி 4
மூன்று சம்மதமும் வந்தாச்சு! லிம்பர்ட்: “அட்டகாசமா ஓடுது.” லிமாவிலிருந்து எவெலியோ: “பிரச்சினையே இல்ல.” அசுன்சியோனிலிருந்து பெலீசா: “அருமை.”

பிறகு இலாரியாம்மா. ஒரே வார்த்தை: “மாட்டேன்.”

பிப்ரவரி 5
“அந்தம்மாவுக்கு எதுதான் புடிச்சிருக்கு? விட்டுத் தள்ளு” என்றான் எவெலியோ. எனக்கும் எரிச்சல்தான். அவருக்காகத்தானே இந்த ஓட்டமெல்லாம்! போன் போட்டுக் கேட்டேன்.

“குறையா? ஃபைலே வரலியே! சுட்டியத் தட்டினா அப்படி ஒரு பக்கமே இல்லங்குது. இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படிச் சம்மதம் சொல்றது?”

என் கணினியில் திறக்கிறதே? ஐயோ — பக்கத்தை வரைவாகவே விட்டுவிட்டேன்! என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இதுவரை இறக்கியவர்கள் பூஜ்யம்.

அப்படியானால் அந்த மூன்று பேரும் எதைத்தான் ஓட்டிப் பார்த்தார்கள்? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

பிப்ரவரி 6
பக்கத்தைத் திறந்துவிட்டு மூவரையும் வீடியோவில் கூப்பிட்டேன்.

“என்னத்தத்தான் ஓட்டிப் பாத்தீங்க?”

லிம்பர்ட்: “எப்படியும் எவெலியோ பாத்துருவான்னு...”

எவெலியோ: “பெலீசா பாப்பாளேன்னு...”

பெலீசா: “நான் லிம்பர்ட நம்பினேன். அத நெனச்சாத்தான் மானம் போகுது.”

பிப்ரவரி 7
பெலீசா நிஜமாகவே போட்டுப் பார்த்தாள். கரண்டு திரும்பியதும் ஒரே பாட்டு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை ஓடுகிறதாம்! இதையா வெளியே அனுப்பப் பார்த்தேன்? எவெலியோ சரிசெய்துவிட்டான். மறுபடியும் புது சோதனைப் பதிப்பு, மறுபடியும் காத்திருப்பு.

பிப்ரவரி 9, வெள்ளி
மூன்று சம்மதம், மூன்றும் நிஜம். இலாரியாம்மா மட்டும் பிடிகொடுக்கவில்லை. “பிளக்கப் புடுங்கி மாட்டிப் பாத்தேன், ஓடுது. ஆனா கார்னிவல் கரண்டு வேற ரகம். ‘மாட்டேன்’ன வாபஸ் வாங்கிக்கிறேன். சம்மதத்த அப்புறம் பாக்கலாம்.”

“வெள்ளிக்கிழமை எவளாவது வெளியிடுவாளா? ஏதாவது ஒடஞ்சா லீவு போச்சு!” என்றான் லிம்பர்ட்.

“நாளைக்கு கார்னிவல்டா!”

வெளியிட்டுவிட்டேன். இலாரியாம்மா உடனே ஏற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 10
காலையிலிருந்து இணையத்தில் அவர்கள் வானொலிதான். லிம்பர்ட்டும் வந்துவிட்டான். மேளமும் ஊதுகுழலுமாகத் தெருவே அதிர, நடுவில் இலாரியாம்மாவின் குரல். திடீரென்று எல்லாம் நின்றது. கரண்டு!

போச்சு. லிம்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் அடுக்களைக்குப் போனேன், எதற்கென்று தெரியாமல் திரும்பினேன். அந்த ஸ்டேஷனில் இப்போது யாருமே இல்லை. வருமா? வராதா?

கரகரவென்று ஒரு சத்தம். பாட்டு! ஒரே பாட்டு, ஒரே தடவை. லிம்பர்ட் என்னைத் தூக்கிச் சுற்றினான், நான் அழுதுகொண்டிருந்தேன்.

பாட்டு முடியக்கூட விடாமல் அந்தக் குரல் தெருவிலிருந்து குறுக்கே புகுந்தது, ஊரே கேட்க:

“யோலா கண்ணு, கேக்குதா? சம்மதம்!”