ஆமைக்குப் போர்த்திய ஆட்டுத்தோல்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
14.8.1986

அன்புள்ள மகன் முத்துக்குமாருவுக்கு அம்மா எழுதுவது. கந்தசுவாமியார் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், மூக்கைத் தவிர. கிளாஸ்கோவில் நீயாவது நல்ல காற்றைச் சுவாசித்துச் சுகமாயிரு.

மூக்குக்கு வந்த கேட்டைச் சொல்கிறேன் கேள். செலாயாங் பாசாரில் சூப்புச் சட்டிக்குப் போக இருந்ததை மீட்டேன் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாயே இரண்டு ஆமை, அதில் சின்னது ஒரு மாதத்துக்கு மேலாகக் கண் திறக்காமல், கங்கோங் கீரையைத் தொடாமல் கிடந்தது. எப்படித் தொடும்? துவைத்த துணி மூன்று நாள் காயாத இந்த ஊரிலும், ஹாலில் பலகைப் பெட்டிக்குள் போட்டு, மேலே நூறு வாட்ஸ் பல்பு, பக்கத்தில் காற்றாடி என்று உன் அப்பா அதைக் கருவாடாக்கிக்கொண்டிருந்தார். அப்பா எழுதிக் கேட்டதற்கு, ‘ஹியூமிட் ஹைட்’ ஒன்று உடனே வையுங்கள், இல்லாவிட்டால் செத்துவிடும் என்று நீ இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினாய். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே ஆபீசில் இங்கிலீஷ் எழுதிய மனுஷன் அகராதியைத் தொடுவாரா! ஹைட் என்றால் தோல், ஹியூமிட் என்றால் ஈரம், மகன் ஈரத்தோல் கேட்கிறான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் தம்புசாமியிடம் போய் நின்றார். எந்த மிருதங்கத்துக்கு சார் என்று அவர் கேட்டதற்கு, ஆமைக்கு என்றாராம். அந்த மனிதர் சிரிக்காமல் ஆட்டுத்தோலைக் கொடுத்தாரே, அது அவருடைய பெருந்தன்மை.

அதை வாளியில் ஊறவைத்து ஆமைகள்மேல் போர்த்தினார். நாலாம் நாள் நாற்றம் படிக்கட்டு இறங்கிவிட்டது. கீழ்வீட்டு டீச்சர் புஷ்பவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, என்னா ஆன்டி, எலி ஏதும் செத்துக் கெடக்கா என்று கேட்டாள். அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம், உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். ஹைடுன்னா இங்க ஒளிஞ்சிக்கிற எடம் லா ஆன்டி, ஈரமா ஒரு சின்ன ரூம் கேக்குறாரு என்றாள். அப்பா திரும்பி வந்து, எனக்கே இங்கிலீஷ் படிப்பிக்கிறியளோ என்று குதித்தார். குதிக்கட்டும் என்று தோலைக் குப்பையில் எறிந்தேன். பழைய பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, சுடவைத்த கத்தியால் வாசல் வெட்டி, ஓரம் கீறாதபடி தேய்த்து, தேங்காய் நார்த் தும்பை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து உள்ளே கனமாகப் பரப்பி, பல்புக்கு எட்டாத மூலையில் வைத்தேன். அரை மணி நேர வேலை. தினமும் காலையில் தண்ணீர் தெளிக்கிறேன். பெரியது தானாகவே நுழைந்தது, சின்னதை நான் தூக்கி வைத்தேன். நேற்று அது கண் திறந்து கங்கோங்கில் பாதித் தண்டு தின்றது. பிழையெல்லாம் உன் கையெழுத்தில்தான் என்கிறார் அப்பா இப்போது. உன்னையும் விடமாட்டேன், ஒளிவிடம் என்று தமிழில் எழுதினால் உன் பட்டம் பறந்துபோய்விடுமா?

புஷ்பவல்லி அந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். சொதி திரையாமல் வைப்பது எப்படி என்று அம்மாவிடம் கேளுங்கள், மூன்று தரம் கேட்டுவிட்டேன், அம்மாவுக்கு என்மேல் கோபமா என்று எழுதியிருந்தாயாம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, உன் அப்பா ஒவ்வொரு கடிதத்தையும் தனக்குள் வாசித்து மடித்து வைத்துவிட்டு, மகன் சுகமாம் என்பார், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக நீ என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் ராசா.

சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்ட பிறகு கொதிக்க விடாதே, நுரை கட்டும்போதே இறக்கு, தேசிக்காய்ப் புளியைச் சூடு ஆறிய பிறகு பிழிந்து விடு. கந்தன் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். இனி உறையில் என் பெயரை எழுது, உள்ளே தமிழில் எழுது. எனக்குக் கோபமில்லை.

உன் அம்மா,
மீனலோசனி