திரும்பாத பூமராங்

மகனே,

நான் சொல்லச் சொல்ல, பண்ணைச் சமையல்காரி டெய்சி எழுதுகிறாள். நீ இந்தப் பக்கம் வராதே.

நேற்று முதலாளி என் இடுப்பிலிருந்த பூமராங்கை உருவினார். "வீசினா திரும்பி வருமில்ல, கெழவா?"

"இது கங்காரு அடிக்கிறது மொதலாளி. போனா போனதுதான்."

"எனக்கே கத்துக்குடுக்கிறியா?" என்று சிரித்தபடி வீசினார். அது பட்டு அவருடைய பந்தயக் குதிரைக்குக் கால் முறிந்தது. குதிரையை அவரே சுட்டுக் கொன்றார்.

கெட்ட பூமராங்காம். செய்தவனைச் சங்கிலியில் கட்டி போலீஸில் கொடுப்பாராம். அதிலுள்ள கோடுகள் நீ செதுக்கியவை. நான்தான் செய்தேன் என்றேன். அவர் நம்பவில்லை; நாளை அதேபோல் செதுக்கிக் காட்டச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து உன் கோடுகளைப் போட்டுப் பழகுகிறேன். ஒன்றுகூட உன்னுடையதுபோல் வரவில்லை.

மலையைத் தாண்டிப் போய்விடு. நீயும் கங்காரு அடிக்கிற பூமராங்தான். திரும்பாதே.

உன் அப்பன்