கதவில் செருகிய சீட்டு

மார்ச் 3
தையல் மிஷின் டிராயரில் பாபின் தேடினேன். தங்கையின் சீட்டு கையில் வந்தது. முப்பத்தெட்டு வருஷம். பாசத்தால் வைத்திருக்கவில்லை, கோபம் ஆறிவிடக் கூடாதே என்றுதான்.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள், ஆறு மாதம் கழித்து வந்து கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனது. அன்று நான் பெரியவனுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில். சீட்டில் சமஸ்கிருதம். எனக்குத் தமிழே ஐந்தாம் வகுப்போடு சரி. இவர் சமஸ்கிருத வாத்தியார்; அவளுக்கும் இவர்தான் சொல்லிக்கொடுத்தார். படித்து அர்த்தம் சொன்னார்: "பறந்துபோன பறவைக்கு இனிமே இந்தக் கூடே வேண்டாமாம்."

அன்றே அவளைத் தலைமுழுகினேன்.

மார்ச் 4
பேத்தி கல்லூரியில் அந்தப் பாஷைதான் படிக்கிறாள். காட்டினேன்.

"ஆகத: பக்ஷீ, த்வாரம் பிஹிதம். பறவை வந்தது, கதவு சாத்தியிருந்தது. அவ்ளோதான் பாட்டி."

"கூடு?"

"கூடும் இல்ல, கோபமும் இல்ல. நாலே வார்த்தை. தாத்தா இதுக்கா அவ்ளோ நீளமா அர்த்தம் சொன்னாரு?"

மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் கதவு சாத்தித்தான் இருந்தது.

மார்ச் 5
சீட்டு வந்த அன்று தானும் வெளியே போயிருந்ததாக இவர் சொன்னாரே— பொய்! நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினேன். இவர்தான் வந்து திறந்தார். அவள் தட்டியதும் கேட்டிருக்குமே? ஐயோ, இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவில்லையே!

மார்ச் 6
கேட்டேவிட்டேன். பேப்பரை மடித்தார், மறுபடி மடித்தார்.

"அவ உள்ள வந்தா நீ அவ பக்கம் சாஞ்சிடுவேன்னு பயந்தேன்."

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒழுங்கா அர்த்தம் சொன்னீங்க. எனக்கு மட்டும் வாய்க்கு வந்ததா?"

வாத்தியாராம் வாத்தியார்!

மார்ச் 7
பேச்சில்லை. காப்பியை மேஜையில் ணங்கென்று வைத்தேன்.

மார்ச் 9
பேத்தி எங்கெங்கோ விசாரித்துத் தங்கையின் நம்பர் பிடித்தாள். "அக்கா" என்றாள் அவள். அதே குரல், கொஞ்சம் கரகரப்பு.

"அத்தானுக்கும் உறைக்கட்டும்னுதான் அவர் பாஷையிலேயே எழுதினேன். படிச்சுச் சொல்லியிருப்பாரு, நீ வருவேன்னு பாத்துட்டே இருந்தேன்க்கா."

"எனக்கு அஞ்சு நாள் முன்னாடிதான்டி அர்த்தம் தெரிஞ்சுது."

அடுத்த வாரம் இதே நாள், காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றாள்.

மார்ச் 16
பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கால் பரபரத்தது, ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. பத்து நாளில் அவரிடம் முதல் பேச்சு:

"நீங்களே போய்த் திறங்க."

போனார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.