துறைத்தலைவர் என்று சுட்ட கோப்பைகள்

விருத்தாசலம்,
ஜூலை 11

அன்பு மகள் ஆன் மேரிக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் என் சொல் கேட்கின்றன. காலைப் பூசையில் உனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்னை நடுவில் மடக்கிவிடுவாய். தாளில் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆடி பிறக்கப் போகிறது, வெயில் இன்னும் இறங்கவில்லை. சேத்தியாத்தோப்பில் உன் அத்தை விமலாராணிக்குக் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தாள். "இன்னா அண்ணி, இம்மாம் கெழவி ஆயிட்டீங்க!" என்றாள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். பழைய கண்ணே அவளுக்குப் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் உங்கள் பல்கலைக்கழகத்தின் கோடைக்காலச் செய்திமடலை நீ தபாலில் அனுப்புவாய். இந்த வருடம் வரவில்லை. இங்கிலாந்துத் தபாலைப் பத்து நாள் திட்டினேன். பிறகு பக்கத்து வீட்டு லிசாவிடம் சொன்னேன். அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் தேடி, பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தேன். கூரையில் தேனீ வளர்க்கிறீர்களாம். நூலகத்துக்குப் புது லிஃப்ட். பிசியோதெரபி துறைக்குப் பெரிய கூடம். மருந்தியல் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றுப் படகு வாங்கப் போகிறாராம். ஆங்கிலம் அவர்கள் தாய்மொழி, ஆனாலும் இரண்டு இடத்தில் கமா தப்பு. சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் பக்கம் பணியாளர் மாற்றங்கள். செவிலியர் துறைக்குப் புதிய தலைவர் என்று வேறொரு பெண்ணின் படம் இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்துப் பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அதன் கீழே, விடைபெறுவோர் பட்டியலில் நீ இருந்தாய். பதினோரு ஆண்டுகள் பாடம் நடத்திய ஆன் மேரி கிளமெண்ட், தேடி வந்த தலைவர் பொறுப்பை ஏற்காமல், தன் விருப்பப்படியே மருத்துவமனையின் முதியோர் வார்டுக்கு நர்ஸாகத் திரும்புகிறார், மே மாதத்தோடு.

மே மாதத்துக்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியிருக்கிறோம். ஆறு தடவையும் டிபார்ட்மெண்ட் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்குதும்மா" என்றாய். அது பொய் இல்லை. நீ இல்லாமல் நன்றாகத்தான் இருக்கும்.

கோபம் வந்தது. இரண்டு நாள் லிசாவிடம்கூடப் பேசவில்லை. அவள் என்ன செய்தாள், பாவம்.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஏப்ரலில் நீ, "என் பேரும் பேச்சுல இருக்குதும்மா, இன்னும் முடிவாகல" என்றாய். முதல் பாதியை மட்டும் நான் கேட்டேன். மறுநாளே ஆட்டோ பிடித்துப் பழமலையின் பீங்கான் பட்டறைக்குப் போனேன். ஆகஸ்டில் அப்பாவுக்கு மூன்றாம் வருட நினைவுத் திருப்பலி வருகிறதல்லவா? பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க நாற்பது கோப்பை சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பக்கம் அப்பாவின் பெயர். மறுபக்கம் 'ஆன் மேரி கிளமெண்ட், துறைத்தலைவர்'. நீலத்தில், கொட்டை எழுத்தில்.

போன திங்கட்கிழமை மறுபடி போய், அந்த எழுத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன். பழமலை ஒரு கோப்பையை என் கையில் வைத்து, "டீச்சரம்மா, சூளையில சுட்டது சுட்டதுதாங்க. ரப்பர் போட்டு அழிக்க இது உங்க ஸ்கூலு நோட்டு இல்ல" என்றான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் பிரம்படி வாங்கியவன். நாற்பது வருடம் காத்திருந்து பதிலுக்குக் கொடுத்துவிட்டான். பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். பார்க்கப் பார்க்க, அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. நீ லீவு போட்டு வந்து, வெந்நீரில் துணி நனைத்து அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாய். அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்த ராஜ்மோகன் சார் உள்ளே வந்து, "பொண்ணு நர்ஸாங்க?" என்று கேட்டார். நான் அவசரமாக, "நர்ஸ் இல்லீங்க, நர்ஸுங்களுக்குப் பாடம் எடுக்குறா" என்றேன். நீ நிமிரவே இல்லை. துணியைப் பிழிந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாய். பேச முடியாத மனிதர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையை அன்று நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை நீ ஏன் சொல்லவில்லை என்று இப்போது நான் கேட்கப் போவதில்லை.

நேற்றுப் பழமலையே வீட்டுக்கு வந்தான். பதவியின் மேல் ஒரு பூப்படம் ஒட்டி இன்னொரு தடவை சூளையில் விட்டால், அது மறைந்து பெயர் மட்டும் நிற்குமாம். சரி என்றேன். முப்பத்தொன்பது கோப்பையில் பூ வருகிறது. இந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. காலையில் காப்பி குடிக்கும்போது என் அவசரபுத்தி எனக்குத் தெரியட்டும்.

பங்குச்சாமியாரும் கேட்டார். திருப்பலி அறிவிப்பில், அப்பாவுக்காகப் பூசை கேட்டிருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் என்ன போடுவது என்று. முன்பு எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: 'கிளமெண்ட் அவர்களின் மகள் ஆன் மேரி, நர்ஸ்'. கோயிலில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார்கள். ராஜ்மோகன் சார் முதல் வரிசையில் இருப்பார். நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா? தப்பிருந்தால் நீ திருத்து. உனக்கு அந்த உரிமை உண்டு.

இரவு டியூட்டி என்றால் காலையில் சாப்பிடாமல் படுக்காதே. முதுகு வளைத்து யாரையும் தனியாகத் தூக்காதே, உனக்கும் நாற்பத்தாறு ஆகிறது. ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. "நல்லா இருக்குதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்காதே. அந்த வாரம் யாருக்கெல்லாம் உடம்பு துடைத்தாய், அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல். நான் நடுவில் பேச மாட்டேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
செசிலி கிளமெண்ட்